பெயர்ப்பலகை யாருக்கு? திறமூல உரிமமும் ஃபோர்க்கும், புதிதாக வருபவர்களுக்கு

சிங்கப்பூரின் ஹவ்காங்கில் 147-ஆம் எண் பேருந்துக்காக நிற்கும் என் அம்மாவுக்குக் கைப்பேசியில் பொடி எழுத்துகளைப் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. பேருந்து இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லும் ஒரு சின்னச் செயலியை அவருக்காக எழுதினேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுத் தளத்தில் வருகை நேரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்கி எண்களைத் தமிழ்க் குரலில் படிக்கவைத்தால் வேலை முடிந்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதைப் போடும்போது, உரிமம் எது என்று கேட்ட பட்டியலில் எம்ஐடி என்பதைத் தொட்டேன். பத்து விநாடி யோசித்திருந்தால் அதிகம்.

எட்டு மாதம் கழித்து அம்மா கேட்டார்: "ஏண்டா, பஸ் வர்றதுக்குள்ள ரெண்டு விளம்பரம் போடுறியே, காசுக்கு அவ்வளவு கஷ்டமா?" நான் விளம்பரமே போட்டதில்லை. அவருடைய புதுக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். அதே பெயர், அதே செந்தூர நிறப் படம், வெளியிட்டவர் மட்டும் வேறு யாரோ. செயலிக் கடையில் தேடி, முதலில் வந்ததை இறக்கிவைத்திருக்கிறார். பெற்ற தாயே போலியைப் பயன்படுத்தினால் மற்றவரைச் சொல்லி என்ன பயன்?

அன்றிரவு நான் செய்தது ஒன்றுகூடச் சரியில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம் என்று திறமூலமாகத் தன் முதல் நிரலை வெளியிடப்போகிற ஒருவருக்கு அதற்கு முன் தெரிய வேண்டியவை, செய்ய வேண்டிய வரிசையிலேயே, இங்கே இருக்கின்றன. நான் வழக்கறிஞன் இல்லை. ஆயிரக்கணக்கில் வெள்ளி புரளும் விஷயம் என்றால் வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

முதலில் இரண்டு சொற்கள். ஒரு திட்டத்தின் நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாக நடத்துவது ஃபோர்க். அதைச் சிலர் ‘கிளை’ என்று எழுதுகிறார்கள். கிளை என்பது பிராஞ்ச், அது ஒரே மரத்தில் இருப்பது. ஃபோர்க் தனிக்குடித்தனம். சொல்லிவிட்டுச் சுமுகமாகப் போகிறவர்கள் உண்டு. போகும்போது வாசலில் இருந்த குடும்பப் பெயர்ப்பலகையையும் கழற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையைத்தான் பகை ஃபோர்க் என்கிறேன். அடுத்து, பதிப்புரிமையையும் காப்புரிமையையும் நாம் பேச்சில் குழப்பிக்கொள்கிறோம். இங்கே காப்புரிமை என்றால் பேடண்ட் மட்டும், அதாவது கண்டுபிடிப்புக்கான உரிமை.

படி 1: நிரல் உங்களுடையதுதானா?

உரிமம் கொடுக்க வேண்டுமென்றால் பதிப்புரிமை உங்களிடம் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் அதைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதிச் சேமித்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. யாருக்குப் பிறக்கிறது என்பதில்தான் சிக்கல். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். தனி ஒப்பந்தத்தில் வெளியாருக்கு எழுதிக்கொடுக்கும் நிரல் பொதுவாக எழுதியவருக்கே சொந்தம், ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி அதை மாற்றிவிடும். அந்த ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

அதனால் வேலைக் கடிதத்தை எடுத்து, அறிவுசார் சொத்து என்று வரும் பத்தியை ஒருமுறை படியுங்கள். ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்’ என்று அகலமாக எழுதியிருந்தால், சனிக்கிழமை இரவு வீட்டுக் கணினியில் எழுதியதற்கும் மனிதவளப் பிரிவிடம் ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்குவது நல்லது. பாலிடெக்னிக், பல்கலைக்கழக மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்தை வெளியிடும் முன் கல்வி நிலையத்தின் கொள்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். "ஆமா ஆமா, போட்டுக்கோ" என்ற மேலாளர் அடுத்த வருடம் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

படி 2: யார் எடுத்தால் வயிறு எரியும்?

உரிமங்களை ஒப்பிடும் அட்டவணைகள் ஏராளம். அவற்றைத் திறப்பதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: என் நிரலை யார், என்ன செய்தால் எனக்கு வயிறு எரியும்? உரிமம் அந்தப் பதிலில் இருக்கிறது.

யார் எடுத்தாலும் எரியாது, பரவினால் போதும் என்றால் எம்ஐடி அல்லது பிஎஸ்டி. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே இவற்றின் முக்கிய நிபந்தனை. விளம்பரம் சேர்க்கலாம், மூடிவைக்கலாம், விற்கலாம். இதே தாராளம் வேண்டும், ஆனால் காப்புரிமைத் தொல்லையும் வரக்கூடாது என்றால் 2004-இல் வந்த அப்பாச்சி 2.0. பங்களிப்பவர் தம் பங்களிப்புக்கான காப்புரிமை அனுமதியையும் சேர்த்தே கொடுக்கிறார். வணிகச் சின்னத்தைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று அதிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. என் கதையை வைத்துப் பார்த்தால் அந்த வரி தங்கம்.

என் நிரலை எடுத்து மேம்படுத்திவிட்டு, மேம்பாட்டை மூடிவைத்தால் எரியும் என்றால் ஜிபிஎல். நிரலை வெளியே கொடுக்கிறவர் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கோவிட் தொற்றுத் தொடர்புகளைத் தடமறிந்த டிரேஸ்டுகெதர் செயலியின் அடிப்படை நிரலை 2020 ஏப்ரலில் ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் வெளியிட்டபோது அதற்குக் கொடுத்தது ஜிபிஎல் 3. ஆனால் ஜிபிஎல்லில் ஒரு சந்து இருக்கிறது. நிரலைத் தங்கள் சர்வரிலேயே ஓடவிட்டுச் சேவையாக மட்டும் விற்கிறவர்கள் யாருக்கும் நிரலைக் கொடுப்பதில்லை, அதனால் அந்த நிபந்தனை அவர்களைத் தொடாது. அந்தச் சந்தினை அடைக்க 2007-இல் வந்தது ஏஜிபிஎல் 3. திருத்திய நிரலை வலைவழி பயன்படுத்துகிறவருக்கும் மூலநிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்கிறது.

இரண்டுக்கும் நடுவில் எம்பிஎல் 2.0 இருக்கிறது. கணக்கு கோப்புவாரியாக. உங்கள் கோப்புகளில் கைவைத்தால் திருத்தம் வெளியே வந்தாக வேண்டும், அவர்கள் புதிதாகச் சேர்த்த கோப்புகள் அவர்கள் பாடு. கைப்பேசிச் செயலி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆப்பிள் கடையின் விதிகளோடு ஜிபிஎல் ஒத்துப்போவதில்லை என்று நிரலாளர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்ததால், 2011 ஜனவரியில் விஎல்சி என்ற காணொளிச் செயலி அந்தக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. 2013-இல் திரும்பி வந்தபோது எம்பிஎல் 2.0-ஐயும் சேர்த்துக்கொண்டு வந்தது.

‘வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை’ என்று நீங்களே ஒரு வரி சேர்க்காதீர்கள். திறமூல முன்முயற்சி அமைப்பின் வரையறைப்படி அந்த வரி வந்த நொடியில் அது திறமூலம் இல்லை. உரிமமே போடாமல் விட்டால்? பலர் அதைத்தான் முழுச் சுதந்திரம் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. உரிமம் இல்லாத நிரலை எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் அனுமதி இல்லை. பழைய தமிழ் எழுத்துரு ஜிப் கோப்புகள் சிலவற்றை வைத்திருக்கிறேன். உள்ளே ‘இலவசம்’ என்ற ஒரு சொல் மட்டும். திருத்தலாமா, மற்றொரு செயலியில் சேர்க்கலாமா என்று கேட்க ஆள் இல்லை. அப்படியே கிடக்கின்றன.

படி 3: சரியாக ஒட்டுங்கள்

களஞ்சியத்தின், அதாவது கிட்ஹப்பில் உங்கள் திட்டத்துக்கான கோப்புறையின், மேல்மட்டத்தில் லைசன்ஸ் என்ற கோப்பு, அதில் உரிமத்தின் முழு வாசகம், ஆண்டு, உங்கள் பெயர். ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் எந்த உரிமம் என்பதைச் சுருக்கப் பெயரில் சொல்லும் ஒற்றை வரி எஸ்பிடிஎக்ஸ் குறிப்பு. ஒரு கோப்பை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போனாலும் குறிப்பு கூடவே போகும்.

நீங்கள் இறக்குமதி செய்யும் நூலகங்களின் உரிமங்களையும் பாருங்கள். அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3 திட்டத்தில் சேர்க்கலாம், ஜிபிஎல் 2 மட்டும் என்று சொல்லும் திட்டத்தில் சேர்க்க முடியாது. தரவு தனி. அரசுத் தரவுக்குச் சிங்கப்பூர் திறந்த தரவு உரிமம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. நிரலுக்குப் போட்ட உரிமம் அதைக் கட்டுப்படுத்தாது. எழுத்துரு, குரல்பதிவு, செயலிப் படம் ஆகியவற்றுக்கும் தனித்தனியே ஒரு வரி எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் களஞ்சியத்தில் கிடக்கிற எல்லாமே அந்த உரிமத்தின்கீழ் வந்துவிட்டதாகத்தான் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

படி 4: பகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

என்னைப் போல் முகம் தெரியாத ஒருவரிடம் பறிகொடுத்தவர்கள் உண்டு. ஆனால் பெரிய ஃபோர்க்குகளின் வரலாற்றைப் பார்த்தால், சண்டையைத் தொடங்கியவர் அனேகமாகத் திருடன் இல்லை, வீட்டுக்காரர்.

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் 2021 ஜனவரியில் அப்பாச்சி 2.0-ஐக் கைவிடுவதாக அறிவித்தது. மேகக்கணினிச் சேவையாக அதை விற்றுக்கொண்டிருந்த அமேசான், பழைய பதிப்பை எடுத்து ஓப்பன்சர்ச் ஆக்கியது. 2023 ஆகஸ்டில் மேகக்கணினி அமைப்புகளை நிர்வகிக்கும் டெராஃபார்ம் எம்பிஎல்லிலிருந்து, திறமூலம் அல்லாத பிஎஸ்எல் உரிமத்துக்குப் போனது, அடுத்த மாதமே அதன் ஃபோர்க்கான ஓப்பன்டோஃபு லினக்ஸ் அறக்கட்டளைக்குள் வந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் பிஎஸ்டியை விட்டது, அந்த மாதம் முடிவதற்குள் அதன் ஃபோர்க்கான வால்கீ பிறந்தது. எல்லாம் ஒரே கதை. நிறுவனம் எழுதுகிறது, வேறு நிறுவனம் அதை வைத்துச் சம்பாதிக்கிறது, எழுதிய நிறுவனத்துக்கு வயிறு எரிகிறது, உரிமத்தை மாற்றுகிறது. இடையில் மாட்டிக்கொள்வது இலவசமாகப் பங்களித்தவர்கள். வேடிக்கை என்னவென்றால் எலாஸ்டிக்சர்ச் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஏஜிபிஎல்லைச் சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பின. ஃபோர்க்குகள் திரும்பவில்லை. பிரிந்துபோனவர்கள் அதற்குள் தனியாக அடுப்பு பற்றவைத்துவிட்டார்கள்.

வெளியிட்ட பழைய பதிப்பைத் திரும்பப் பிடுங்க முடியாது என்பதுதான் இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. நேற்று பிஎஸ்டியில் கொடுத்தது என்றும் பிஎஸ்டிதான். புதிய பதிப்புக்கு மட்டுமே புதிய உரிமம்.

எல்லா ஃபோர்க்கும் பகையில் முடிவதில்லை. ஜிசிசி நிரல்மொழிமாற்றி மெதுவாக நகர்கிறது என்று 1997-இல் பிரிந்த ஈஜிசிஎஸ், 1999-இல் தானே அதிகாரபூர்வ ஜிசிசி ஆனது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் திட்டத்தின் நிர்வாகம் பிடிக்காமல் பிரிந்த ஐஓ.ஜேஎஸ் 2015-இல் மீண்டும் ஒன்று சேர்ந்தது. மருமகள் தனிக்குடித்தனம் போய், பிறகு மாமியார் அவள் வீட்டில் வந்து தங்குவது போல.

இதில் புதியவருக்கு என்ன வேலை? வேறொருவர் திட்டத்துக்குப் பங்களிக்கும் முன், அவர்கள் சிஎல்ஏ கேட்கிறார்களா டிசிஓ கேட்கிறார்களா என்று பாருங்கள். சிஎல்ஏ என்பது பங்களிப்பாளர் போடும் உரிம ஒப்பந்தம். பல சிஎல்ஏக்களில் நீங்கள் கொடுக்கும் நிரலுக்கு நாளை வேறு உரிமம் போடும் அதிகாரம் நிறுவனத்துக்குப் போய்விடும். டிசிஓ அப்படி இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் திட்டம் 2004-இல் தொடங்கிய வழக்கம் அது. இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு கமிட்டிலும் (திருத்தப் பதிவிலும்) ஒரு கையொப்ப வரி, அவ்வளவுதான். கிட் கமிட் கட்டளையோடு சிறிய எஸ் கொடியைச் சேர்த்தால் அந்த வரி தானாக விழும். உரிமை எழுதியவரிடமே இருக்கும். லினக்ஸில் ஆயிரக்கணக்கானோரிடம் அப்படிச் சிதறிக் கிடப்பதால்தான் அதன் உரிமத்தை ஒருவர் நினைத்து மாற்றிவிட முடியாது. என் திட்டத்துக்கு டிசிஓ போதும் என்று முடிவெடுத்தேன். நாளை எனக்கே பேராசை வந்தாலும் தடுக்க நாலு பேர் இருக்கட்டும்.

படி 5: உரிமம் கொடுக்காதவற்றைப் பூட்டிவையுங்கள்

நிரலைத்தான் உரிமம் கொடுக்கிறது. பெயரை, இணைய முகவரியை, செயலிக் கடைக் கணக்கை, செயலி உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தும் கையொப்பச் சாவியைக் கொடுப்பதில்லை. சண்டை வரும்போது ஜெயிப்பதும் தோற்பதும் இவற்றை வைத்துத்தான்.

நிரல்களைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஹட்சன் என்ற மென்பொருளின் கதையைப் பாருங்கள். சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள், ஹட்சன் என்ற பெயர் தனக்குச் சொந்தம் என்றது. 2011-இல் நிரலாளர்கள் ஜென்கின்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஆள் எல்லாம் போய்விட்டதால் ஹட்சன் வாடிப்போனது, அது வேறு. ஆனால் பெயரை விட்டுவிட்டுத்தான் அவர்களால் போக முடிந்தது. 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு, தன் திருத்தங்களோடு ஃபயர்பாக்ஸ் உலாவியை அந்தப் பெயரில் கொடுக்க முடியாமல் ஐஸ்வீசல் என்று பெயரிட்டது, பத்து ஆண்டு அப்படியே ஓடியது. நிரல் முழுக்கத் திறந்தது, பெயர் பூட்டியது.

எழுத்துருக்காரர்கள் இதை உரிமத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஓஎஃப்எல் எனும் எழுத்துரு உரிமத்தில் ஒதுக்கிய பெயர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. எழுத்துருவை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தியதை அந்தப் பெயரில் வெளியிடக்கூடாது. தமிழ் எழுத்துரு செய்யும் நண்பர்கள் இதைத் தவறவிடக்கூடாது.

சிங்கப்பூரில் வணிகச் சின்னத்தை அறிவுசார் சொத்து அலுவலகத்தில் பதியலாம். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதியாத பெயருக்கும், அது மக்களிடம் பழகியது என்று காட்ட முடிந்தால், ஓரளவு பாதுகாப்பு உண்டு, ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். பொழுதுபோக்குத் திட்டத்துக்குப் பதிவு தேவையில்லை என்பதே என் எண்ணம். திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு பத்தி போதும்: ‘நிரலை எடுத்துக்கொள்ளுங்கள், பெயரையும் படத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.’ அத்துடன் எந்தக் கணக்கு யார் பெயரில், மீட்பு மின்னஞ்சல் எது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். இரண்டாவதாக நம்பிக்கையான ஒருவருக்கும் அனுமதி இருக்கட்டும். தேசிய சேவைக்குப் போன பையனின் கைப்பேசி எண் மாறி, திட்டமே கதவடைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்களே ஃபோர்க் எடுப்பவராக இருந்தால் விதி சுருக்கம். அறிவிப்புகளை அழிக்காதீர்கள், கிட் வரலாற்றை வெட்டாதீர்கள், முதல் நாளே பெயரை மாற்றுங்கள், பழையவருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

படி 6: நடந்துவிட்டால்

இப்போது என் இரவுக்கு வருகிறேன். முதல் வேலையாகச் சமூக ஊடகத்தில் ‘திருடன்’ என்று எழுதி இணைப்பையும் போட்டேன். அதைப் பார்த்தவர்களில் சிலர் ஆர்வத்தில் போலியை இறக்கிப் பார்த்தார்கள். அடுத்து, என் நிரலைத் திருடிவிட்டார் என்று செயலிக் கடைக்குப் புகார் அனுப்பினேன். எம்ஐடி கொடுத்தவன் நானேதான், ஆகவே புகார் திரும்பி வந்தது. மறுநாள் தேக்காவில் தே தாரிக் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்த நண்பர் கேட்டார், "அண்ணே, நீங்க கொடுத்ததை விட்டுடுங்க. கொடுக்காததுல எதை எடுத்திருக்கான்?" அதுதான் சரியான கேள்வி.

வரிசை இது. வாயைத் திறக்கும் முன் சாட்சி சேருங்கள்: ஸ்கிரீன்ஷாட்டுகள், தேதி, அந்தப் பதிப்பின் ஒரு நகல். பிறகு மூன்றைத் தேடுங்கள்.

அறிவிப்பு இருக்கிறதா? என் பெயர் எங்குமே இல்லை. எம்ஐடியின் முக்கிய நிபந்தனையையே மீறியிருந்தார்கள். சின்ன விஷயம் என்று தள்ள வேண்டாம். பொம்மை ரயில் ஓட்டும் ஒரு மென்பொருள் தொடர்பான வழக்கில், இத்தகைய நிபந்தனைகளை மீறினால் பதிப்புரிமை மீறலாகவே வழக்கு நடத்தலாம் என்று 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பெயரும் படமும்? செந்தூர நிறப் பேருந்து அண்ணன் மகள் வரைந்தது. நல்ல வேளை, அதை நான் களஞ்சியத்தில் போடவில்லை, கடையில் மட்டும் ஏற்றியிருந்தேன். எம்ஐடி அதற்குப் பொருந்தாது, உரிமை அவளிடமே இருந்தது. அவள் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு, அறிவிப்பு நீக்கியதையும் சேர்த்து இரண்டாவது புகார் போனது. அதற்குப் பதில் வந்தது. புகாரில் ஒரு வார்த்தையும் மிகையாக இருக்கக்கூடாது. கிட்ஹப் போன்ற தளங்களில் அமெரிக்கச் சட்டப்படி புகார் கொடுக்கும்போது பொய்யானால் பொறுப்பு உங்கள்மேல் வரும்.

அவர்களிடமிருந்து எதைத் திரும்ப எடுக்கலாம் என்றும் பாருங்கள். ஃபோர்க் திறந்திருந்தால் அதன் திருத்தங்கள் உங்களுக்கும் லாபம், உரிமம் இடம் கொடுத்தால். ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு அலுவலக மென்பொருள்களில், லிப்ரே ஆஃபிஸ், அப்பாச்சி ஓப்பன் ஆஃபிஸிலிருந்து நிரலை எடுத்துக்கொள்ள முடியும். லிப்ரே ஆஃபிஸின் எம்பிஎல் நிரலை ஓப்பன் ஆஃபிஸ்காரர்கள் தம் அப்பாச்சி உரிமத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது. ஒருவழிப் பாதை. என் விஷயத்தில் அவர்கள் எல்லாவற்றையும் மூடிவைத்திருந்தார்கள். ஆனால் போலிச் செயலியில், பேருந்தில் உட்கார இடம் இருக்கிறதா என்பதையும் குரல் சொன்னது. டேட்டாமால் அந்தத் தகவலைத் தருகிறது, நான்தான் பயன்படுத்தாமல் இருந்தேன். இரண்டு மாலை உட்கார்ந்து நானே எழுதிச் சேர்த்து, அந்தப் பதிப்பை எம்பிஎல் 2.0-இல் வெளியிட்டேன்.

மூன்றாவது, சாவி. டேட்டாமால் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குச் சாவி கொடுக்கிறது. முட்டாள்தனமாக அதை நான் நிரல் கோப்பிலேயே எழுதிக் கிட்ஹப்பில் போட்டிருந்தேன். எடுத்தவர் அதைக்கூட மாற்றவில்லை. அவருடைய பயனர்கள் எல்லோரும் இத்தனை நாளும் என் சாவியில் பேருந்து நேரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். உரிமம், சட்டம், கடிதம் எல்லாவற்றுக்கும் முன் முதல் நிமிடத்தில் செய்திருக்க வேண்டியது இதுதான். ஒரு ஞாயிறு இரவு புதுச் சாவி வாங்கி, பழையதை ரத்து செய்யச் சொல்லி, என் செயலியை மட்டும் புதுப்பித்தேன்.

சாவி ரத்தான அன்று காலை ஏழரைக்கு அம்மா அழைத்தார். "டேய், நூத்தி நாப்பத்தேழு பேச மாட்டேங்குது."

அவர் கைப்பேசியில் இருந்ததை மாற்ற மறந்துவிட்டேன்.